பில் நம்பரைக் காணோம்

2006 மார்ச் கடைசி வாரம். வருடக் கணக்கு முடிக்கிற நேரம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்காளர் காலை ஒன்பதரைக்கே போன் செய்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், ரிப்போர்ட் வந்திருச்சுங்க. தொகை இருக்குது, வரி இருக்குது, பார்ட்டி பேர் இருக்குது. பில் நம்பரைத்தான் காணோமுங்க. தேதியையும் காணோமுங்க."

பில் நம்பர் இல்லாத பில் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கணக்காளர் என்ன செய்வார்? அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. முந்தின நாள் இரவு அந்த நிரலைத் தொட்டது நான் மட்டும்தான்.

நடந்தது இது. எங்கள் மென்பொருளில் பதினான்கு வகை ஆவணங்கள் இருந்தன. பில், டெலிவரி சலான், கிரெடிட் நோட் என்று போகும். ஒவ்வொன்றையும் எக்செலுக்கு அனுப்பத் தனித்தனி நிரல் இருந்தது. யாராவது ஒரு புது விவரம் கேட்டால் பதினான்கு இடத்தில் திருத்த வேண்டும். பதின்மூன்றில் திருத்திவிட்டுப் பதினான்காவதை மறப்போம். இதற்கு முடிவு கட்டுகிறேன் என்று ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதினேன். எந்த ஆப்ஜெக்டைக் கொடுத்தாலும், "உன்னிடம் என்னென்ன ப்ராப்பர்ட்டி இருக்கிறது?" என்று அதையே கேட்டு, வருகிற பெயர்களை நெடுவரிசைத் தலைப்பாக்கி, மதிப்புகளைக் கீழே நிரப்பும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னைத்தானே விசாரிப்பதற்குத்தான் ரிஃப்ளெக்‌ஷன் என்று பெயர். 1982இல் பிரையன் கான்ட்வெல் ஸ்மித் எம்ஐடியில் தம் ஆய்வேட்டில் இந்தக் கருத்தை விரிவாக எழுதினார். ஜாவாவுக்கு இது 1997இல் 1.1 பதிப்போடு வந்தது. டாட் நெட்டில் 2002இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது.

முதலில் கிளாஸைக் கொடுத்துத்தான் கேட்டேன். எல்லாம் வந்தது. தேவைக்கு அதிகமாகவே வந்தது. கடைசியாகத் திருத்தியவர் யார், டேட்டாபேஸ் வரிசையின் பதிப்பு எண் என்ன என்கிற வீட்டு விஷயமெல்லாம் வாடிக்கையாளரின் எக்செலில் போய் உட்கார்ந்தது. அதை மறைக்க ஒரு வழி தோன்றியது. வெளியாருக்குக் காட்ட வேண்டியதை மட்டும் சொல்லும் இன்டர்ஃபேஸ்கள் எங்களிடம் ஏற்கெனவே இருந்தன. ஐஇன்வாய்ஸ் என்று ஒன்று. அதற்கு மேலே எல்லா ஆவணங்களுக்கும் பொதுவாக ஐடாக்குமென்ட் என்று ஒன்று. நம்பரும் தேதியும் எல்லா ஆவணத்திலும் இருப்பவை. அதனால் அவை மேலே, ஐடாக்குமென்டில் இருந்தன. கிளாஸுக்குப் பதில் ஐஇன்வாய்ஸைக் கொடுத்துக் கேட்டால் வேண்டியது மட்டும் வரும் என்று ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சோதனைகள் எத்தனை வரிசை வந்தது என்று எண்ணுமே தவிர, எத்தனை நெடுவரிசை என்று எண்ணாது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

போன் வந்த பிறகு பார்த்தால், எடிட்டரில் ஐஇன்வாய்ஸ் வகை மாறி ஒன்றை எழுதிப் புள்ளி வைத்த உடனே நம்பர் என்று பட்டியலில் வருகிறது. நிரலில் எழுதினால் ஓடுகிறது. ரிஃப்ளெக்‌ஷனில் கேட்டால் மட்டும் அப்படி ஒன்று இல்லை என்கிறது. முன்னோர்களையும் சேர்த்துக் காட்டு என்பது போல் ஃப்ளாட்டன்ஹையரார்க்கி என்று ஒரு கொடி இருக்கிறது. பெயரை நம்பி அதைப் போட்டேன். பலன் இல்லை. அது கிளாஸ் பரம்பரையில் மேலே இருக்கும் ஸ்டாட்டிக் உறுப்பினர்களைத் தேடிக் கொண்டுவருவது. இன்டர்ஃபேஸ் பக்கம் திரும்பியே பார்க்காது.

என் நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, மைக்ரோசாஃப்ட்டின் சொந்த இன்டர்ஃபேஸிலேயே பார்க்கலாம் என்று ஐலிஸ்டை எடுத்தேன். எந்த ஐலிஸ்டை வாங்கினாலும் அதன் கவுன்ட்டைத்தான் முதலில் கேட்போம். டாட் நெட் எழுதுகிறவர்கள் தினமும் தொடுகிற ப்ராப்பர்ட்டி. ஐலிஸ்டின் டைப்பிடம் கவுன்ட் என்ற ப்ராப்பர்ட்டியைக் கேட்டேன். நல் என்று வந்தது, அப்படி ஒன்று இல்லை என்று. கவுன்ட் எழுதப்பட்டிருப்பது அதற்கு மேலே இருக்கிற ஐகலெக்‌ஷனில்.

பக்கத்து இருக்கையில் ஒரு மூத்தவர் இருந்தார். மெயின்ஃப்ரேம் காலத்து ஆள். அதிகம் பேச மாட்டார். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்த ஐஇன்வாய்ஸோட பேஸ்டைப் என்னன்னு கேட்டுப் பாரு" என்றார்.

கேட்டேன். அதுவும் நல்.

"பாத்தியா? அதுக்கு அப்பனே கிடையாது."

"சார், நான் ஐடாக்குமென்ட்ல இருந்து இன்ஹெரிட் பண்ணியிருக்கேனே?"

"நீ அப்படி நெனச்சுக்கிட்டே. ப்ராப்பர்ட்டி அப்பன் வழியாத்தான் வரும். கிளாஸுக்கு அப்பன் உண்டு, சொத்தும் வரும். இன்டர்ஃபேஸுக்கு இருக்கிறது மாமன் முறைதான். நாளைக்கு இதைக் கட்டிக்கிறவன் அங்கேயும் போயி சீர் செய்யணும்கிறதை மட்டும்தான் நீ எழுதி வச்சிருக்கே. சீர் செய்ற கடமை சொத்துல வருமா?"

இன்னொருவர் சொல்லியிருந்தால் வெறும் வேடிக்கைப் பேச்சாகப் போயிருக்கும். பிற்பாடு டாட் நெட் இயங்குதளத்தின் அடிப்படை வரையறையான எக்மா 335ஐ எடுத்துப் படித்தபோது அவர் சொன்னதுதான் வேறு நடையில் அங்கே இருந்தது. ஓர் இன்டர்ஃபேஸ் இன்னொரு இன்டர்ஃபேஸை 'வேண்டும்' என்று கோரலாம். முதலாவதை நிறைவேற்றுகிற எந்த டைப்பும் இரண்டாவதையும் நிறைவேற்றியாக வேண்டும். இது ஆப்ஜெக்ட் மரபுரிமம் போன்றதல்ல என்று தெளிவாகவே பிரித்திருக்கிறார்கள். சி ஷார்ப் மொழியின் வரையறை மட்டும் இதையும் இன்ஹெரிட்டன்ஸ் என்றே அழைக்கிறது. இரண்டுக்கும் எழுதுகிற குறியும் அதே முக்காற்புள்ளிதான். மொழி ஒரு பெயரைச் சொல்கிறது, அடியில் ஓடும் எந்திரம் வேறொன்றை நினைத்துக்கொண்டிருக்கிறது. கம்பைலர் நடுவில் நின்று இரண்டையும் ஒட்டிக்கொண்டே இருப்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. ரிஃப்ளெக்‌ஷனில் கம்பைலர் நடுவில் இல்லை.

சரி, மாமன்மார் எல்லாரையும் போய்ப் பார்த்து, அவரவரிடம் இருப்பதைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. கெட்இன்டர்ஃபேசஸ் என்று ஒரு மெத்தட் இருக்கிறது. ஒரு ரிகர்ஷன் எழுதினேன்: இந்த இன்டர்ஃபேஸின் ப்ராப்பர்ட்டிகளை எடு, இதன் மேலிருப்பவை ஒவ்வொன்றுக்கும் இதையே செய். பதினைந்து நிமிட வேலை. ஐஇன்வாய்ஸ் அழகாக வந்தது. மதியம் அனுப்பிவிட்டேன்.

நாலு மணிக்கு மறுபடியும் போன். "பில் நம்பர் வந்திருச்சுங்க மேடம். ஆனா எக்ஸ்போர்ட் பில்லுல ரெண்டு தடவை வருதுங்க."

வெட்கக்கேடான இந்தப் பிழையின் காரணம் எனக்கு இன்றும் பிடித்தமானது. நான் ஜாவா படித்து வந்தவள். ஜாவாவில் கெட்இன்டர்ஃபேசஸ் என்று கேட்டால், நேரடியாக எழுதப்பட்டவற்றை மட்டும் தரும். அதற்கு மேலே போக வேண்டுமானால் நாமே ஏற வேண்டும். டாட் நெட்டில் அதே பெயருள்ள மெத்தட், மேலே எத்தனை தலைமுறை இருந்தாலும் மொத்தத்தையும் ஒரே பட்டியலாகக் கொட்டிவிடும். கொட்டிய பட்டியலின் மேல் நான் ரிகர்ஷன் ஓட்டினேன். பாட்டனைப் பேரனும் சொன்னான், மகனும் சொன்னான். மூன்று தலைமுறை இருந்த எக்ஸ்போர்ட் பில்லில் நம்பர் இரண்டு முறை வந்தது. நான்கு தலைமுறை இருந்திருந்தால் நான்கு முறை வந்திருக்கும். ஐந்து என்றால் எட்டு. இரண்டு தலைமுறையே உள்ள சாதா பில்லில் மட்டும் சோதித்துப் பார்த்ததால் எனக்கு அது கண்ணில் படவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. ஜாவாவில் இருந்திருந்தால் காலையில் வந்த முதல் பிழையே வந்திருக்காது. அங்கே ஓர் இன்டர்ஃபேஸிடம் கெட்மெத்தட்ஸ் என்று கேட்டால் மேலிருந்து வரும் மெத்தடுகளையும் சேர்த்தே சொல்லும். ஆக, உறுப்பினர்களைக் கேட்டால் ஜாவா தாராளம், டாட் நெட் கறார். உறவினர்களைக் கேட்டால் டாட் நெட் தாராளம், ஜாவா கறார். ஜாவாவின் கறாரிலும் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். 2000இல் 1.3 பதிப்போடு ஜாவாவுக்கு டைனமிக் ப்ராக்ஸி வந்தது: ஓர் ஆப்ஜெக்டின் இன்டர்ஃபேஸ்களைக் கொடுத்தால் அதே வேடத்தில் ஒரு போலி ஆப்ஜெக்டை ஓட்டத்திலேயே செய்து தரும். பலரும் அதற்கு அந்த ஆப்ஜெக்டின் கிளாஸிடமே கெட்இன்டர்ஃபேசஸ் கேட்டுக் கொடுப்பார்கள். அந்த இன்டர்ஃபேஸைத் தாய்க் கிளாஸ் அறிவித்து, பிள்ளைக் கிளாஸ் திரும்பச் சொல்லாமல் விட்டிருந்தால் வருவது காலிப் பட்டியல். எந்த வேடமும் இல்லாத ஒரு போலி பிறக்கும். ஜாவாவின் அர்ரேலிஸ்ட் தன் தாயான அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் ஏற்கெனவே அறிவித்திருக்கும் லிஸ்டை மறுபடி ஒருமுறை தானும் அறிவிக்கிறது. வீண் என்று தோன்றும் அந்த ஒரு சொல்லால், அர்ரேலிஸ்டிடம் கேட்டால் லிஸ்ட் நேரடியாகப் பட்டியலில் வந்துவிடுகிறது.

அன்று மாலை ரிகர்ஷனை எடுத்துவிட்டு, வருகிற பட்டியலில் ஒரே சுற்று ஓடும்படி மாற்றினேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. கெட்இன்டர்ஃபேசஸ் எந்த வரிசையில் தரும் என்பதற்கு அன்று உத்தரவாதம் எதுவும் இல்லை, கெட்ப்ராப்பர்ட்டீஸுக்கும் இல்லை. நேற்று முதலில் வந்த நெடுவரிசை நாளை கடைசியில் வரலாம். கணக்காளர்களோ எக்செல் நெடுவரிசையை எழுத்தால் நினைவு வைப்பவர்கள், ஏ, பி, சி என்று. அதனால் ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் மேலே ஓர் அட்ரிப்யூட் ஒட்டி அதில் எண் போட்டேன். பில் நம்பருக்கு 10, தேதிக்கு 20, பார்ட்டி பெயருக்கு 30. நடுவில் ஏதாவது நுழைத்தால் இடம் வேண்டுமே என்று பேசிக் நிரல்களில் வரிக்கு எண் போட்ட பழக்கம். கூடவே ஒரு சோதனையும் எழுதினேன்: முதல் தலைப்பு 'பில் நம்பர்' என்று இருக்கிறதா? அந்தச் சோதனை இன்றும் ஒவ்வொரு பில்டிலும் ஓடுகிறது.

அதற்குப் பிறகு சில வருடங்கள் நான் ரிஃப்ளெக்‌ஷன் பைத்தியமாக இருந்தேன். எதைக் கண்டாலும் பொதுமைப்படுத்துவேன். அந்தக் காலத்தில் நான் எழுதியவற்றில் பாதியை எழுதியிருக்கக் கூடாது என்பது என் இன்றைய கருத்து. நாலு வகைதான் உண்டு, ஐந்தாவது வரப்போவதில்லை என்றால் நாலு முறை எழுதிவிட்டுப் போகலாம், படிக்கிறவனுக்குப் புரியும். ரிஃப்ளெக்‌ஷனில் அழைத்த மெத்தடுக்குள் பிழை வந்தால் அது டார்கெட்இன்வொகேஷன்எக்செப்ஷன் என்ற போர்வைக்குள் சுருண்டு வரும். உள்ளே இருக்கும் உண்மையான பிழையைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ஒரு முழு நாளைத் தொலைத்த புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். எடிட்டரில் இந்த மெத்தடை யார் அழைக்கிறார்கள் என்று தேடினால் யாருமில்லை என்று வரும். பயன்படாத நிரல் என்று யாராவது அழித்துவிடுவார்கள்.

இருப்பதை இல்லை என்று சொல்லும் இன்னொரு இடமும் உண்டு. சி ஷார்ப்பில் ஒரு கிளாஸ் ஓர் இன்டர்ஃபேஸின் மெத்தடை 'இது அந்த இன்டர்ஃபேஸ் வழியாக வருகிறவர்களுக்கு மட்டும்' என்று எழுதலாம். அப்படி எழுதியது உள்ளே பிரைவேட் மெத்தடாக, இன்டர்ஃபேஸின் முழுப் பெயரையும் முன்னால் சுமந்துகொண்டு இருக்கும். இன்ட் என்ற சாதாரண எண்ணின் டைப்பிடம் டூஇன்ட்64 என்ற மெத்தடைக் கேட்டால் நல் வருவது இதனால்தான். அது ஐகன்வர்ட்டிபிளுக்குச் செய்கிற முறை. வாசலில் நின்று கேட்டால் தெரியாது. மாமன் வீட்டு வழியாக வர வேண்டும். 2019இல் சி ஷார்ப் 8 வந்து இன்டர்ஃபேஸுக்குள்ளேயே மெத்தடின் உடலை எழுதலாம் என்றானது. கடமை மட்டும் இருந்த இடத்தில் கொஞ்சம் சொத்தும் வந்துவிட்டதா என்று ஆவலாக கிளாஸிடம் கேட்டுப் பார்த்தேன். கிளாஸ் அப்போதும் எனக்குத் தெரியாது என்றது. ஜாவா 8 இதையே 2014இல் செய்தபோது கிளாஸின் கெட்மெத்தட்ஸில் அவை வந்துவிட்டன. மறுபடியும் அதே தாராளம், அதே கறார்.

2020இல் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த நேரம். வங்கி ஸ்டேட்மென்டுகளைப் படிக்கும் பகுதியை ப்ளக்இன்னாக மாற்றிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு டிஎல்எல். ஒரு ஃபோல்டரில் போட்டால் போதும். எங்கள் நிரல் அதைத் திறந்து, ஐஸ்டேட்மென்ட்ரீடரை நிறைவேற்றும் கிளாஸ் இருக்கிறதா என்று ரிஃப்ளெக்‌ஷனில் தேடி எடுத்துக்கொள்ளும். எழுதியவன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு பையன். திரையைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, டிஎல்எல் லோடு ஆகுது. கிளாஸும் தெரியுது. ஆனா ப்ளக்இன் எண்ணிக்கை பூஜ்யம்."

"பிழை எதுவும் வரலையா?"

"ஒண்ணுமே வரலக்கா. இந்த கிளாஸ் ஐஸ்டேட்மென்ட்ரீடர் வகையான்னு கேட்டா இல்லைங்குது. பேரை அடிச்சுப் பார்த்தேன், ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான். அதனால இப்ப பேரை வச்சே ஒப்பிட்டுட்டேன். ஒண்ணு கிடைச்சுது. ஆனா காஸ்ட் பண்ணும்போது விழுந்திடுது."

பிழைச் செய்தியை உரக்கப் படித்தான். ஐஸ்டேட்மென்ட்ரீடரை நிறைவேற்றும் கிளாஸை ஐஸ்டேட்மென்ட்ரீடராக மாற்ற முடியாது என்பதுதான் அதன் சாரம். படித்துவிட்டு அவனே சிரித்துவிட்டான்.

"முருகேசன்னு ஊருக்கு நாலு பேர் இருப்பான்டா. பேர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணா? ப்ளக்இன் ஃபோல்டர்ல வேற என்ன டிஎல்எல் கிடக்குதுன்னு பாரு."

கிடந்தது. இன்டர்ஃபேஸ் இருக்கும் எங்கள் பொது டிஎல்எல்லின் ஒரு நகல், பில்ட் ஆகும்போது தானாகவே அந்த ஃபோல்டருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. டாட் நெட் கோரில் ப்ளக்இன்னுக்கென்று தனி லோடு கான்டெக்ஸ்ட் வைத்துக்கொண்டு, அதற்கு வேண்டியதை அதன் ஃபோல்டரிலிருந்தே எடுக்கச் செய்யலாம். அவன் எழுதியிருந்ததும் அப்படித்தான். அது பக்கத்திலேயே கிடந்த நகலை விசுவாசமாக எடுத்துக்கொண்டது. ஒரு டைப் எது என்பதைப் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த அசெம்பிளி, எந்தக் கான்டெக்ஸ்டில் ஏறியது என்பதும் சேர்ந்துதான். ஜாவாவிலும் கிளாஸ் லோடர் வேறானால் கிளாஸ் வேறு. ப்ளக்இன் ஒரு முருகேசனுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. நாங்கள் இன்னொரு முருகேசனைக் கூட்டிப்போய் நிறுத்தி, இவரைத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ப்ராஜெக்ட் ஃபைலில் அந்த ரெஃபரன்ஸுக்கு பிரைவேட் என்பதை ஃபால்ஸ் ஆக்கி, நகல் எடுக்காதே என்று சொன்னதும் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆறாயிற்று.

2023இல் அந்தப் பழைய ரிப்போர்ட் பகுதியை மட்டும் பிரித்து, டாட் நெட் நிறுவப்படாத கணினியிலும் ஓடுகிற சிறிய தனி நிரலாகத் தரச் சொன்னார்கள். அளவைக் குறைக்க ட்ரிம்மிங்கை இயக்கினோம். எங்கிருந்து எது அழைக்கப்படுகிறது என்று கோடு பிடித்துக்கொண்டே போய், யாரும் அழைக்காததை வெட்டி எறிவது ட்ரிம்மரின் வேலை. பப்ளிஷ் செய்தபோது மஞ்சள் எச்சரிக்கைகள் வரிசையாக ஓடின. ஓடவிட்டோம். டெஸ்ட் பார்க்கும் பெண் மாலையில் செய்தி அனுப்பினாள்: அக்கா, பில் நம்பரைக் காணோம்.

படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன். அவளுக்குக் காரணம் தெரியாது.

இந்தத் தடவை தேதி இருந்தது. வரிசைப்படுத்த நிரலில் அதைத் தொடுகிறோம். தொகையும் வரியும் இருந்தன, கூட்டுகிறோம். பில் நம்பரை வைத்து யாரும் எதையும் கணக்கிடுவதில்லை. காட்டுவதோடு சரி. காட்டுவதும் ரிஃப்ளெக்‌ஷன் வழியாக. ட்ரிம்மரின் கணக்கில் இன்டர்ஃபேஸில் இருந்த அந்த ப்ராப்பர்ட்டி யாருக்கும் வேண்டாதது. 2006இல் நான் எழுதிய சோதனை பச்சை காட்டிக்கொண்டேதான் இருந்தது, ஏனென்றால் சோதனை ஓடுவது வெட்டுவதற்கு முந்தைய நிரலில்.

வெட்டாதே என்று குறி போட்டுத் தப்பித்திருக்கலாம். நான் ரிஃப்ளெக்‌ஷனையே எடுத்துவிட முடிவு செய்தேன். கம்பைல் ஆகும்போதே இன்டர்ஃபேஸைப் படித்து நெடுவரிசைகளை எழுதித் தரும் சோர்ஸ் ஜெனரேட்டர் ஒன்று. சி ஷார்ப் 9 காலத்திலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஓட்டத்தில் கேட்ட அதே கேள்வியைக் கம்பைலரிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்வது. கம்பைலருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அது இத்தனை வருடம் ஒட்டிக் காட்டியதுதானே என்ற நம்பிக்கையில், ஐஇன்வாய்ஸின் சிம்பலை எடுத்து கெட்மெம்பர்ஸ் என்று எழுதி ஓட்டினேன்.

பில் நம்பரைக் காணோம். தேதியும் இல்லை.

பதினேழு வருடம் கழித்து அதே குழி. இந்த முறை போன் வரவில்லை, என் திரையிலேயே தெரிந்துவிட்டது. சிம்பலுக்குப் புள்ளி வைத்துப் பட்டியலைக் கீழே உருட்டினேன். இன்டர்ஃபேசஸ் என்று ஒன்று இருந்தது. ஆல்இன்டர்ஃபேசஸ் என்று இன்னொன்றும் தனியாக இருந்தது. முன்னது நேரடி மாமன்மார், பின்னது மொத்த உறவும். இந்தத் தடவை எழுதியவர்கள் பெயரிலேயே பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து, ஒரே சுற்று, ரிகர்ஷன் இல்லாமல், எழுதி ஓட்டினேன். உருவாகி வந்த ஃபைலின் முதல் வரியில் நெடுவரிசை 10, பில் நம்பர்.